கண்ணில் தொலைத்ததைக் கண்ணில் மட்டும் தேடாதீர்கள்!

"ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடின கதை" என்றால் விருத்தாசலத்துக்காரர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அது அவர்கள் ஊர்க் கதை. சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்து ஈசனிடம் 12,000 பொன் பெற்றார். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்கிறது பெரிய புராணம். அந்தத் திருமுதுகுன்றம்தான் இன்றைய விருத்தாசலம். அதே சுந்தரர்தான் பிற்பாடு இரண்டு கண்ணும் தெரியாமல் தவித்து, காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் இன்னொரு கண்ணுமாகப் பார்வையைத் திரும்பப் பெற்றவர்.

இந்தக் கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? ஒரு வியாதி இருக்கிறது. அதில் பார்வை போவது கண்ணில். ஆனால் காரணம் இருப்பது ரத்தத்தில். மருந்து ஏறுவதோ கையில்! கண்ணில் தொலைந்ததைக் கண்ணிலேயே தேடிக்கொண்டு, கண்ணாடிக் கடைக்கும் சொட்டு மருந்துக்குமாக அலைந்தால் நாள் போய்விடும். நாளோடு பார்வையும் போய்விடும். லூபஸ் என்ற நோய் உள்ளவர்களுக்கு வரக்கூடிய கண் நரம்பு அழற்சிதான் அது.

செங்கல் நிறமான சிவப்பு

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். நவராத்திரி நெருங்குகிறது. விருத்தாசலத்துப் பொம்மைப் பட்டறை ஒன்றில் வேலை மும்முரம். அச்சில் வார்த்து, காயவைத்து, சூளையில் சுட்டெடுத்த கொலு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறாள் 28 வயதுப் பெண் ஒருத்தி. அம்மன் புடவைக்குச் சிவப்பு அடிக்கும்போது அவளுக்கு ஒரு சந்தேகம்.

"ஏன் தம்பி, இந்தச் சிவப்பு சரியில்லையே? செங்கப்பொடி மாதிரி மங்கலா இருக்குது."

"நேத்து அடிச்ச அதே டப்பாதான்க்கா. எனக்கு செக்கச்செவேல்னுதானே தெரியுது!"

வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்க்கிறாள். நல்ல குங்குமச் சிவப்பு. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள். செங்கல் நிறம்.

ராத்திரி மாமியாரிடம் சொன்னால், "நாள் பூரா பொம்மையையே உத்துப் பாத்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்? ரெண்டு சொட்டு வெளக்கெண்ண உட்டுக்கினு படு. காலையில சரியாப் பூடும்" என்கிறார். பாசத்தோடு சொன்ன யோசனைதான். மறுநாள் கண்ணை இப்படி அப்படி உருட்டினால் உள்ளே வலிக்கிறது. மூன்றாம் நாள் பொம்மையின் மகுடம் தெரிகிறது, பாதம் தெரிகிறது, முகத்தைத்தான் காணோம். நட்டநடுவில் புகை படிந்த மாதிரி ஒரு மறைப்பு. கண்ணாடிக் கடைக்குப் போகிறாள். எந்தக் கண்ணாடி போட்டும் எழுத்து தெளியவில்லை. இப்படியே ஒரு வாரம் ஓடிவிடுகிறது.

இதில் அவள் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் மூட்டு வலியும் ஜுரமும் வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் லூபஸ் என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். உடம்பு தேறியதும் நிறுத்திவிட்டாள். "அது மூட்டு வியாதி, இது கண் வியாதி. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைத்தாள்.

இவள் கற்பனைப் பெண்தான். ஆனால் இவளுக்கு வந்த அறிகுறிகள் ஒன்றுகூடக் கற்பனை இல்லை.

வீட்டுக் காவலாளே வீட்டை இடித்தால்?

நம் உடம்புக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமிகளை அடித்து விரட்டுவது அதன் வேலை. லூபஸில் இந்தக் காவல் படைக்குத் தன்னவர், அந்நியர் என்ற பேதம் தெரியாமல் போகிறது. தோல், மூட்டு, சிறுநீரகம், ரத்தம், மூளை, நரம்பு என்று சொந்த உறுப்புகளையே தாக்குகிறது. தொற்று வியாதி அல்ல. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. யாருடைய சாபமும் இல்லை.

இதை நம் பத்திரிகையில் எழுத முக்கியமான காரணம், இந்த நோய் வரும் 10 பேரில் 9 பேர் பெண்கள். அதுவும் 15 முதல் 45 வயது வரை, படிப்பு, கல்யாணம், பிள்ளைப்பேறு என்று வாழ்க்கை மும்முரமாக இருக்கும் காலத்தில்தான் பெரும்பாலும் தலைகாட்டும்.

ஆரம்பத்தில் ஆளுக்கொரு வேஷம் போடும். கன்னங்களிலும் மூக்குத் தண்டிலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்த மாதிரி சிவந்த தடிப்பு. இதை மங்கு என்று நினைத்துக் களிம்பு பூசிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. வெயிலில் போய் வந்தால் தடிப்பு அதிகமாகும். விட்டு விட்டு ஜுரம், கை விரல் மூட்டுகளில் வலி, வாய்ப்புண், கொத்துக் கொத்தாக முடி உதிர்தல், காரணம் தெரியாத அசதி, கால் வீக்கம், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு. இவற்றில் ஒன்றிரண்டு யாருக்கும் வரலாம், பயப்பட வேண்டாம். பலவும் சேர்ந்து வந்தால் ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது அவசியம்.

பல்பு நன்றாக இருக்கிறது, ஒயர்தான்...

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலில் பொம்மை, அகல் விளக்கு மட்டுமல்ல, மின்சார ஃபியூஸ் கட்டைகளும் உண்டு. அதனால் அந்த ஊர்ப் பெண்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கண் என்பது பல்பு மாதிரி என்று வைத்துக்கொண்டால், கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் ஒயர்தான் பார்வை நரம்பு. அதற்குள் சுமார் 10 லட்சம் நுண்ணிய இழைகள். ஒயருக்கு மேலுறை இருப்பது போல ஒவ்வோர் இழைக்கும் ஒரு கொழுப்பு உறை உண்டு. காவல் படை வழி தவறி அந்த ஒயரைத் தாக்கினால் நரம்பு வீங்குகிறது, உறை கெடுகிறது. லூபஸில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளும். நரம்புக்கு ரத்தம் கொண்டுவரும் பொடிக் குழாய்களே அழன்று அடைபடலாம்.

கண்ணை வெளியில் பார்த்தால் சிவப்பு இல்லை, பீளை இல்லை, நீர் வடிதல் இல்லை. சரி, டாக்டர் விளக்கடித்து உள்ளே பார்த்தால் தெரியாதா? பொதுவாகக் கண் நரம்பு அழற்சியில் மூன்றில் இரண்டு பேருக்கு, ஆரம்பத்தில் உள்ளே பார்த்தாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். வீக்கம் கண்ணுக்குப் பின்னால், ஒயர் போகும் வழியில் இருப்பதுதான் காரணம். "நோயாளிக்கும் ஒன்றும் தெரியாது, டாக்டருக்கும் ஒன்றும் தெரியாது" என்று டாக்டர்கள் இதைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வார்கள். அதனால்தான் "எனக்கு லூபஸ் இருக்கிறது" என்று நாம் வாய் திறந்து சொல்வது அத்தனை முக்கியம். அந்த ஒரு வாக்கியம் டாக்டரின் யோசனையை வேறு திசைக்குத் திருப்பிவிடும்.

லூபஸ் உள்ள எல்லோருக்கும் இது வருவதில்லை. சுமார் 100 பேரில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வந்தவர்களுக்கு அவசரம். சாதாரணமாக வரும் கண் நரம்பு அழற்சி பலருக்குத் தானே பெரும்பாலும் தெளிந்துவிடும். லூபஸ் கூட இருந்தால் அப்படி நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. இரண்டு கண்ணையும் தாக்கலாம். திரும்பத் திரும்ப வரலாம். நிரந்தரமாகப் பார்வையைக் குறைத்துவிடலாம்.

அடையாளம் எப்படி?

சில மணி நேரத்திலோ சில நாளிலோ ஒரு கண்ணில், அல்லது இரண்டிலும், பார்வை மங்குவது. கண்ணை அசைத்தால் உள்ளே வலி. லூபஸில் வலியே இல்லாமலும் வரலாம். நிறங்கள், முக்கியமாகச் சிவப்பு, வெளுத்துப் போவது. பார்க்கிற பொருளின் நடுப்பகுதி மறைவது. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

லூபஸ் உள்ள சகோதரிகள் வாரத்துக்கு ஒரு தரம் வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். சுவரில் மாதக் காலண்டர் இருக்கிறதல்லவா? ஞாயிற்றுக்கிழமைத் தேதிகள் சிவப்பில் இருக்கும். வழக்கமாகக் கண்ணாடி போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி மறு கண்ணால் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் சிவப்பு ஒரே சிவப்பாக, எழுத்து ஒரே தெளிவாக இருந்தால் நல்லது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் விஷயம். இது டாக்டர் பரிசோதனைக்கு மாற்று ஆகாது. சீக்கிரம் கிளம்ப உதவும், அவ்வளவுதான்.

கண்ணில் விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால், வெங்காயச் சாறு எதுவும் விட வேண்டாம். நரம்புக்கு அது போய்ச் சேராது. கிருமிதான் போய்ச் சேரும்.

கையில் ஏறும் மருந்து

ஆஸ்பத்திரியில் முதலில் பார்வை, நிறம், பார்வைப் பரப்பு எல்லாம் சோதிப்பார்கள். டார்ச் வெளிச்சத்தை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றி அடித்து, கண்மணி எப்படிச் சுருங்குகிறது என்று கவனிப்பார்கள். செலவில்லாத சோதனை, ஆனால் நரம்புக் கோளாற்றை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள். காசநோய் போன்ற தொற்று இல்லை என்றும் உறுதி செய்துகொள்வார்கள். 2004-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆராய்ச்சியாளர்கள் பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் ஒரு நோய்க்கான ரத்த அடையாளத்தைக் கண்டறிந்தார்கள். லூபஸோடு அந்த நோயும் சேர்ந்திருக்கலாம். அதற்கு நீண்ட கால வைத்தியம் வேண்டும் என்பதால் அந்த ரத்தப் பரிசோதனையும் செய்வதுண்டு.

நோய் உறுதியானால் மெத்தில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கை நரம்பு வழியாக டிரிப்ஸில் ஏற்றுவார்கள். வழக்கமான அளவு நாளுக்கு 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள். பிறகு பிரெட்னிசலோன் மாத்திரை, சிறுகச் சிறுகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். காவல் படையை நிதானத்துக்குக் கொண்டுவர சைக்ளோபாஸ்பமைடு, மைக்கோபினோலேட், அசதியோபிரின், ரிடுக்ஸிமாப் போன்ற மருந்துகளில் ஒன்றையும் சேர்ப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவுக்குப் பார்வை மிஞ்சும். எல்லோருக்கும் முழுப் பார்வையும் திரும்பிவிடும் என்று சொல்ல முடியாது. தாமதித்தால் திரும்புவது குறையும் என்பது மட்டும் நிச்சயம்.

"ஸ்டீராய்டுதானே? மருந்துக் கடையில் நாமே வாங்கிச் சாப்பிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. அமெரிக்காவில் சாதாரணக் கண் நரம்பு அழற்சி வந்த 457 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 1992-ல் வெளியானது. டிரிப்ஸில் அதிக அளவு ஏற்றியவர்களுக்குப் பார்வை சீக்கிரம் தெளிந்தது. வழக்கமான அளவில் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அதனால் பலனும் இல்லை, நோய் திரும்ப வருவதும் அதிகமாக இருந்தது! அவர்கள் லூபஸ் நோயாளிகள் அல்ல. என்றாலும் பாடம் நமக்கும்தான். தவிர, ஸ்டீராய்டு சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், தொற்றுக்கு வழிவிடும். டாக்டர் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும். அதே போல, பல வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

மாத்திரையால் கண் கெடுமா?

லூபஸ் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கொடுப்பது ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை. "அது கண்ணைக் கெடுக்குமாமே" என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்துகிறவர்கள் பலர். உண்மை என்ன? அந்த மாத்திரை விழித்திரையைப் பாதிக்கலாம். ஆனால் மிக மெதுவாக, பல வருஷங்களில். அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 2016-ல் சொன்ன கணக்கின்படி, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் சாப்பிட்டால் முதல் 5 வருஷத்தில் பாதிப்பு 100-க்கு ஒருவருக்கும் குறைவு. 10 வருஷம் வரை 100-க்கு 2 பேருக்கும் குறைவு. 20 வருஷத்துக்குப் பிறகுதான் 100-க்கு 20 பேர் என்ற அளவை நெருங்குகிறது. 40 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளைக்கு 200 மில்லிகிராம் என்பது இந்தக் கணக்கு. மாத்திரை ஆரம்பித்த முதல் வருஷத்துக்குள் ஒரு கண் பரிசோதனை, 5 வருஷத்துக்குப் பின் வருஷா வருஷம் ஒன்று. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் முன்னதாகவே. இதைச் செய்தால் போதும்.

மாத்திரையை நிறுத்தினால் லூபஸ் சீறிக்கொண்டு வரும். கண்ணைக் காப்பாற்றுவதாக நினைத்து மாத்திரையை விட்டவள், கண் நரம்பையே பணயம் வைக்கிறாள். கர்ப்பமாக இருந்தாலும் இந்த மாத்திரையைத் தொடரலாம், தொடர்வதே நல்லது. சைக்ளோபாஸ்பமைடு, மைக்கோபினோலேட் இரண்டும் கர்ப்பத்துக்கு ஆகாதவை. ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

பார்வை மங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. நீண்ட காலம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்குக் கண்புரையும் கண் நீர் அழுத்தமும் வரலாம். அவை மெதுவாக வருபவை. ரத்தம் உறையும் தன்மை கூடியவர்களுக்கு விழித்திரைக் குழாய் அடைபட்டு, வலியே இல்லாமல் நிமிஷத்தில் பார்வை போகலாம், அதுவும் அவசரம்தான். காசநோய்க்குக் கொடுக்கும் எதாம்பியூட்டால் மாத்திரைகூடச் சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும். ஆகவே சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

பட்டறைத் தூசியும் வெயிலும்

பீங்கான் ஊர்ப் பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. களிமண்ணிலும் மெருகுப் பூச்சிலும் சிலிக்கா இருக்கிறது. காய்ந்த மண்ணிலிருந்து பறக்கும் நுண்ணிய சிலிக்காத் தூசியை வருஷக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் நோய் வருவது தெரிந்ததே. லூபஸ், மூட்டு வாதம் போன்ற நோய்களுக்கும் அந்தத் தூசிக்கும் தொடர்பு இருப்பதைப் பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. பட்டறையில் வேலை செய்கிற எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் ஜாக்கிரதை நல்லது. காய்ந்த தரையைப் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள். தூசி பறக்கும் வேலைக்கு நல்ல முகமூடி போடுங்கள். வேலைத் துணியை உதறாமல் தனியாகத் துவையுங்கள்.

லூபஸ் உள்ளவர்களுக்கு வெயிலும் எதிரி. வெளியே போகும்போது குடை, முழுக்கைச் சட்டை. பட்டறையில் பொம்மை காயவைக்கும் வேலையை உச்சி வெயிலில் வைத்துக்கொள்ளாமல், முடிந்தால் வேறொருவரிடம் ஒப்படையுங்கள்.

எங்கே போவது?

சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. லூபஸ் போன்ற நோய்களுக்கென்றே அங்கே நோய் எதிர்ப்பியல் பிரிவு உண்டு. அதே புதுச்சேரியில் 2003-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. ரயிலேறிச் சென்னைக்குப் போனால் எழும்பூரில் அரசு கண் மருத்துவமனை. 1819-ல் ஆரம்பித்தது, 200 வயதைத் தாண்டியது. எங்கே போனாலும் கண் டாக்டரும் லூபஸ் டாக்டரும் இருவரும் பார்க்க வேண்டும். ஒருவரிடம் போகும்போது மற்றவர் எழுதிய சீட்டு கையில் இருக்கட்டும்.

அரவிந்த் என்றதும் ஒருவர் நினைவு வருகிறது. அதை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கத்துக் கிராமத்தில் 1918-ல் பிறந்தவர். ராணுவ டாக்டராக இருந்தபோது, லூபஸுக்கு உறவான முடக்கு வாதம் அவரைத் தாக்கியது. அதிலும் சொந்தக் காவல் படைதான் மூட்டுகளைத் தாக்குகிறது. 1948-ல் ராணுவ வேலை போயிற்று, படுத்த படுக்கையானார், விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு கண் அறுவை கற்றார். 1976-ல், ஓய்வு பெற்ற பிறகு, மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்தை ஆரம்பித்தார். 2006-ல் காலமாவதற்குள் தம் கையால் ஒரு லட்சத்துக்கு மேல் கண் அறுவைகள் செய்திருந்தார்.

நோய் வந்தது அவருடைய கைக்கு. அந்தக் கையால் ஒளி பெற்றவை ஊரார் கண்கள். ஆகவே, லூபஸ் என்று பெயர் கேட்டதுமே வாழ்க்கை முடிந்தது என்று உட்கார்ந்துவிட வேண்டாம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, வீடு, வேலை, குழந்தை என்று நிறைவாக வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ லூபஸ் உள்ள பெண் யாராவது "கண்ணு மங்குது" என்று சொன்னால், "படுத்துத் தூங்கு, சரியாப் போயிடும்" என்று சொல்லிவிடாதீர்கள். "செருப்பைப் போடு, நானும் கூட வரேன்" என்று சொல்லுங்கள்.